இருநூற்று அறுபது பூசணியும் பூசை போட்ட வண்டியும்

ஆயுத பூசையன்று காலை ஆறு மணிக்கு எங்கள் வாசலில் இருந்தவர்கள்: அம்மா, சித்தப்பா, நான், வைக்கோல்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த வெள்ளைப் பூசணிக்காய்கள். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா. முதல் பஸ்ஸிலேயே ஓசூருக்குப் போய், சாலையோரத்தில் ஒரு காலிச் சாக்கை விரித்து, அதன்மேல் தானே உட்கார்ந்து இடம் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் வண்டிக்காரர். அவருக்காகத்தான் நாங்கள் மூவரும் காத்திருந்தோம். பூசணிக்காய்களும் காத்திருந்தன. காத்திருப்பது அவற்றின் தொழில்.

அந்தத் தொழிலை நம்பித்தான் அப்பா அவற்றுக்கு மாறினார். ஓசூர்ப் பக்கம் பேரிகையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே எங்களுக்கு முக்கால் ஏக்கர் இருக்கிறது. முன்பு அதில் தக்காளி போட்டோம். தக்காளியைக் காலையில் பறித்தால் பொழுது சாய்வதற்குள் மண்டியில் சேர்க்க வேண்டும். எங்கள் ஊருக்கு வரும் வழியில் ஒரு சிறுபாலம் பாதி இடிந்து கிடக்கிறது, லாரி வராது. குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்னச் சரக்கு வண்டி மட்டும் வரும். அதுவும் வருகிறேன் என்று சொல்லும், வராது. வராத நாட்களில் தக்காளியை ஆடுகளுக்குக் கொட்டினோம். முதல் வாரம் போட்டி போட்டுக்கொண்டு தின்றன. மூன்றாவது வாரம் எங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டன.

பூசணிக்கு அந்த அவசரம் கிடையாது. ஆடி முடிவில் அறுத்து வீட்டுக்குள் வைத்தால் ஆயுத பூசை வரைக்கும் ஒரு பேச்சுப் பேசாமல் கிடக்கும். கரண்ட் கேட்காது. ஓசூரில் குளிர்பதனக் கிடங்குகள் இருக்கத்தான் இருக்கின்றன. லாரி லாரியாகக் கொண்டுவருகிறவர்களுக்குத்தான் அங்கே கதவு திறக்கும். தக்காளி போட்ட காலத்தில் அப்பா ஒருமுறை போய்க் கேட்டார். எத்தனை டன் என்று கேட்டார்களாம். "டன்னெல்லாம் இல்லைங்க, பதினாலு கூடை" என்றாராம். வாட்ச்மேன் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

பூசணிக்குச் சந்தையும் நிச்சயம். ஓசூரைச் சுற்றி எத்தனை கம்பெனி, எத்தனை லேத் பட்டறை, எத்தனை லாரி! ஆயுத பூசையன்று அத்தனைக்கும் சந்தனப் பொட்டு வைத்து, முன்னால் ஒரு பூசணிக்காயைப் போட்டு உடைக்க வேண்டும். நடுரோட்டில் போட்டு உடைப்பதற்காகவே மூன்று மாதம் வளர்த்து, இரண்டு மாதம் குழந்தை மாதிரி பத்திரப்படுத்துகிற ஒரு பொருள் உலகத்தில் வேறு எங்கும் இருக்குமா தெரியவில்லை. ஒரு நாள் தவறினால் சாம்பாருக்குக்கூட யாரும் கேட்க மாட்டார்கள்.

கிடங்கு என்றால் எங்கள் வீடுதான். ஒரே அறை, பக்கத்தில் சமையல் செய்ய ஒரு சார்ப்பு. அப்பாவின் சட்டம் கடுமையானது. காய்கள் வைக்கோல்மேல் இருக்க வேண்டும். ஒன்றோடு ஒன்று ஒட்டக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. வைத்ததை அசைக்கக் கூடாது. இருநூற்று அறுபது காய்களுக்கு அந்த மரியாதையைக் கொடுத்தபின் மனிதர்களுக்கு மிஞ்சியது கதவிலிருந்து கட்டில்வரை ஓர் ஒற்றையடிப் பாதை. கட்டிலின் கால்களுக்கு இரண்டிரண்டு செங்கல் கொடுத்து உயர்த்தி, அதன் அடியிலும் காய். கட்டில்மேல் அம்மாவுக்குப் பாதி, காய்களுக்குப் பாதி.

"ரெண்டு மாசமா ஒருக்களிச்சே படுக்கறேன்," என்பாள் அம்மா. "பொரண்டா காயி நசுங்கிருமேன்னு பயம். கல்யாணமான புதுசுல உங்கப்பனுக்குக்கூட இவ்ளோ எடம் உட்டதில்ல."

அதனால் அம்மா அந்த வருடம் ஒரு ஷெட் கேட்டாள். வீட்டுக்குப் பக்கத்தில் நான்கு தூண், மேலே சிமெண்ட் ஷீட், சுற்றி வலை. கொத்தனார் வந்து அளந்துவிட்டு இருபத்து நான்காயிரம் என்றார். அம்மா அன்றே நான்கு மூலைக்கும் ஒவ்வொரு செங்கல் வைத்து அடையாளம் போட்டுவிட்டாள். கோழி உள்ளே வந்தால் "ஷெட்டுக்குள்ள என்னடி வேல?" என்று விரட்டுவாள். ஷெட் என்பது அப்போது நான்கு செங்கலும் நடுவில் காற்றும்தான்.

பணத்துக்கு வழி நான் சொன்னேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், மெக்கானிக்கல் டிப்ளமா. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் சூப்பர்வைசர் மதுரைப் பக்கத்துக்காரர். அவரிடம் பேசி, எங்கள் கம்பெனிக்கும் பக்கத்துக் கம்பெனிகளுக்குமாகச் சேர்த்து நூறு காய், காய்க்கு நூறு ரூபாய் என்று முடித்தேன். மீதி நூற்று அறுபது சாலையோர விற்பனைக்கு. அதுவும் காய்க்கு நூறு. மொத்தம் இருபத்தாறாயிரம், வண்டி வாடகை இரண்டாயிரம் போக இருபத்து நான்காயிரம். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவ்வளவு அழகாக ஒரு கணக்கு வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பூசைக்குப் பத்து நாள் முன்பு சூப்பர்வைசர் கேட்டார்: "தம்பி, காயெல்லாம் பாக்க லட்சணமா இருக்கும்ல? ஒரு போட்டோ அனுப்பு, மொதலாளி பெரியவருகிட்டக் காட்டணும்."

அப்போது அப்பா ஊரில் இல்லை. சாமல்பட்டிப் பக்கம் தன் அக்கா வீட்டில் நிலக்கடலை பிடுங்க ஆள் இல்லையென்று போயிருந்தார். அம்மா ரோஜாத் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். எனக்கு வாராந்திர விடுப்பு. வீட்டில் நானும் இருநூற்று அறுபது காய்களும் தனியாக இருந்தோம்.

போட்டோ எடுக்கப் பார்த்தேன். காய்களின்மேல் விபூதி பூசினமாதிரி வெள்ளைச் சாம்பல். அங்கங்கே வைக்கோல் துணுக்கு, பல்லி எச்சம். கம்பெனியில் இப்படி ஒரு பாகம் என் மேசைக்கு வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். பரப்பில் தூசு இருக்கக் கூடாது. அளவு ஒன்றுபோல் இருக்க வேண்டும். அடுக்கு நேராக இருக்க வேண்டும். மூன்று வருடமாக அதைத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறேன்.

பைக் கழுவ வைத்திருந்த ஷாம்பு பாக்கெட்டுகளை எடுத்தேன். நான்கு வாளித் தண்ணீர். ஒவ்வொரு காயாகக் குளிப்பாட்டி, பழைய லுங்கியால் துடைத்தேன். சாம்பல் போனதும் உள்ளேயிருந்து பளபளவென்று பச்சை வந்தது. அடுக்கப் பார்த்தபோது காம்புகள் பக்கத்துக் காயைக் குத்தின. கத்தரி எடுத்து வந்து எல்லாக் காம்பையும் ஒட்ட வெட்டினேன். பிறகு சுவரோரமாக நான்கு அடுக்கு. கம்பெனி ஸ்டோரில்கூட அப்படி ஓர் அடுக்கைப் பார்த்ததில்லை. போட்டோ எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பி, ஸ்டேட்டஸிலும் போட்டேன். "சூப்பர் ப்ரோ" என்று பதினேழு பேர்.

சாயங்காலம் அம்மா வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சாம்பலு எங்கடா?"

"கழுவிட்டேன்மா."

"காம்பு?"

"குத்துச்சு. வெட்டிட்டேன்."

"உங்கப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"கம்பெனில இப்படித்தான்மா வெப்பாங்க."

அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. நான் படித்தவன். அம்மா கொஞ்ச நேரம் காய்களைப் பார்த்தாள். அப்புறம் காலியான தரையைப் பார்த்தாள். அன்றைக்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தாள். கைகளைக்கூட விரித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அப்பா வந்தார். பையைக் கீழே வைக்காமலே கேட்டார்: "இது யாரு வூட்டுக் காயி?"

நான் விளக்கினேன். அப்பா ஒரு காயை எடுத்து, காம்பு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. வெளியே எடுத்து லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"ஏன்டா, அந்தச் சாம்பலுதான் அதுக்குத் தோலு. காம்புதான் மூடி. மூடியப் புடுங்கிப்புட்டு, தோல உரிச்சுப்புட்டு, தலமேல நாலு பேர ஏத்தி உட்ருக்கியே, நீயா இருந்தா எத்தினி நாளு தாங்குவ?"

அதற்குமேல் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அடுக்கைப் பிரித்து, வைக்கோலைப் பரப்பி, பழையபடி இடம்விட்டு வைத்தார். அம்மா மறுபடி ஒருக்களித்துப் படுத்தாள். தினமும் காலையில் மெத்தென்று ஆனதைப் பொறுக்கி வெளியே போடுவது என் வேலை. ஒரு நாள் நான்கு, ஒரு நாள் ஒன்பது, ஒரு நாள் பதினான்கு.

சித்தப்பா பக்கத்து வீடு. கம்பெனி ஒன்றில் செக்யூரிட்டி. ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் துக்கம் விசாரிக்கிற மாதிரி எட்டிப் பார்ப்பார். "ஏய் டிப்ளமா, இன்னிக்கு எத்தினி ரிஜெக்‌ஷன்?"

அம்மாவுக்கு வேறு விளக்கம் இருந்தது. "நீ போன்ல போட்ட இல்ல, அதான். ஊரு கண்ணெல்லாம் பட்டுருச்சு."

"அண்ணி, திருஷ்டி கழிக்கிற காயிக்கே திருஷ்டி பட்டுச்சுன்னா, எதக் கொண்டாந்து சுத்திப் போடறது?" என்றார் சித்தப்பா. அம்மா சாயங்காலம் உப்பும் மிளகாயும் எடுத்துக் காய்களைச் சுற்றிப்போட்டாள். மறுநாள் பதினொன்று போனது.

ஆக, பூசையன்று காலை வாசலில் நின்றபோது மிஞ்சியவை நூற்று எண்பத்து ஒன்பது. முதல் நாளே ஏற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். ஏற்றினால் இறக்கிவைக்க ஓசூரில் எங்களுக்கு ஒரு சதுர அடி கிடையாது. சாலையில் வைத்தால் மாடு வரும். அதனால் பூசையன்று காலை ஆறு மணிக்குக் கிளம்பி, எட்டு மணிக்குக் கம்பெனியில் நூறு இறக்கி, மீதியோடு அப்பாவின் சாக்குக்குப் போவதாகத் திட்டம். கம்பெனியில் பூசை பதினொரு மணிக்கு.

ஆறரைக்கு வண்டிக்காரருக்குப் போன் போட்டேன். கன்னடக்காரர், எங்களோடு பாதி தமிழ், பாதி கன்னடம்.

"பந்தே சார், பந்தே," என்றார். வந்துவிட்டேன் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை இன்னும் படுக்கையை விட்டு எழாதவர்கள்தான் அதிகம் சொல்வார்கள்.

ஏழு மணிக்கு மறுபடி பந்தே. ஏழேகாலுக்கு அப்பாவின் போன்.

"வண்டி வந்துச்சா?"

"வந்துட்டிருக்குப்பா."

"இங்க எடத்துக்கு ரெண்டு பேரு சண்டைக்கு வந்துட்டானுங்க. காயி எங்கய்யான்னு கேக்கறானுங்க. நான் சாக்கக் காட்டிக்கினு ஒக்காந்திருக்கேன். பின்னாடி கடக்காரன் வேற எடத்துக்கு எரநூறு குடுன்றான்."

ஏழரைக்கு வண்டிக்காரர் வந்தார். பைக்கில். நெற்றியில் பட்டை, குளித்த தலை.

"வண்டி எங்கண்ணா?" என்றேன்.

"சார், ஏனு மாடோது, என்ன பண்றது," என்று கையை விரித்தார். "ஓனரு ஜோசியர்கிட்ட கேட்டிருக்காரு. காலைல அஞ்சு மணிக்கு நல்ல நேரமாம். கோயிலாண்ட நிறுத்தி, மால போட்டு, வாழ கட்டி, பூசை பண்ணிட்டாரு. பூசை போட்ட வண்டிய நாளைக்கு வரைக்கும் எடுக்கக் கூடாது. சக்கரம் சுத்தக் கூடாதாம்."

"அத போன்ல சொல்லக் கூடாதா?"

"நேர்ல சொல்றது மரியாத சார்."

சித்தப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஏன்யா, பூசைக்குக் காயி ஏத்த வரச் சொன்னா, வண்டிக்குப் பூசையப் போட்டு நிறுத்திட்டு வந்திருக்க. அப்ப உங்க ஓனரு எத உடைச்சாரு?"

"அதுதான் சார் இன்னொரு விசயம்," என்றார் வண்டிக்காரர், என்னைப் பார்த்து. "காயி கெடைக்கல. எலுமிச்சம்பழத்த வெச்சுத்தான் முடிச்சோம். ஒரே ஒரு காயி குடுத்தீங்கன்னா, போய் உடைச்சுருவேன்."

அம்மா ஒரு காயை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். நல்ல காய்தானா, முந்தின நாள் நான் ஒதுக்கிவைத்த ரகமா என்று நான் கேட்கவில்லை. அவர் அதை பெட்ரோல் டேங்க்மேல் வைத்து, வயிற்றால் அணைத்துக்கொண்டு போனார். பாதி வழியில் அது அவர் மடியில் உடைந்திருந்தால் அதற்கும் எங்கள் குடும்பம் பொறுப்பல்ல.

சித்தப்பா ஒரு டிராக்டர்காரரைப் பிடித்து வந்தபோது மணி ஒன்பது. டிராக்டருக்கும் மாலை போட்டிருந்தார்கள், வாழைக்கன்றும் கட்டியிருந்தது. "பூசை போட்டாச்சே, எடுக்கலாமாண்ணா?" என்று அம்மா தயங்கினாள். "சாமியா டீசல் ஊத்தப் போவுது?" என்றார் அவர். "மூவாயிரத்தி ஐநூறு." இரண்டாயிரத்துக்குப் பேசிய சவாரி. அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், காய்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும், இன்றைக்கு விட்டால் நாளை இல்லை என்று.

டிராக்டர் டிப்பரில் ஸ்பிரிங் கிடையாது. அடியில் எங்கள் வீட்டு வைக்கோல் முழுவதையும், அதற்கு மேல் அம்மாவின் இரண்டு பழைய மெத்தை விரிப்புகளையும் போட்டோம். நான் காய்களோடு பின்னால் ஏறினேன். இடிந்த பாலத்துக்குப் பக்கத்தில் ஓடைக்குள் இறங்கி ஏறியபோது எல்லாக் காய்களும் என்னை நோக்கி வந்தன. இரண்டை மார்பில் பிடித்தேன், ஒன்றைக் காலால் தடுத்தேன். மீதியை நான் தடுக்கவில்லை. பேரிகையைத் தாண்டும்போதே என் கால்சட்டை வழியாகப் பூசணித் தண்ணீர் ஓடியது.

நெடுஞ்சாலையில் விடுமுறைக்கு பெங்களூரிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் நெரிசலில் நின்றார்கள். டிராக்டர் அவர்களுக்கு நடுவே கல்யாண மாப்பிள்ளை மாதிரி வாழைக்கன்றை ஆட்டிக்கொண்டு போனது. ஒரு காரிலிருந்து ஒரு பெண் என்னையும் காய்களையும் போட்டோ எடுத்தார். எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, இதற்குமேல் என்ன திருஷ்டி பட்டுவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டேகால். கேட்டுக்கு முன்னால் நான்கைந்து பூசணிக்காய்கள் ஏற்கெனவே சிதறிக் கிடந்தன. யார் வீட்டுக் காயோ. நல்ல காய், சாம்பல் படிந்த ஓடு.

சூப்பர்வைசர் வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்தார். "என்ன தம்பி நீயி. பத்து மணி வரைக்கும் பாத்தேன். பெரியவரு கத்துறாரு. பிறகு பாகலூர் ரோட்டுல ஒருத்தன்கிட்ட மொத்தமா வாங்கிட்டோம்ல. பூசை முடிஞ்சு பொரியும் குடுத்தாச்சு." என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, உள்ளே போய் ஒரு பொரிப் பொட்டலமும் ஸ்வீட் பாக்ஸும் கொண்டுவந்து கொடுத்தார். "போட்டோல சூப்பரா இருந்துச்சுப்பா," என்றார்.

அப்பா இன்னும் சாக்குமேல்தான் இருந்தார். இரண்டு பக்கமும் பூசணி மலை. நடுவில் அவர் மட்டும் விற்பனைக்கு வைத்த மாதிரி. எழுந்து வந்து டிப்பருக்குள் பார்த்தார். உடைந்தவையும் நசுங்கியவையும் இருபத்தெட்டு. அவற்றை ஓரமாகத் தள்ளினோம். நூற்று அறுபது மிஞ்சின.

"காலைல நூறுக்குப் போச்சு," என்றார். "இப்ப அறுபது."

நான் பொரியைப் பிரித்து நீட்டினேன். ஒரு கை வாங்கிக்கொண்டார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. எழுந்தால் இடம் போய்விடும்.

லேத் பட்டறைக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் சாயங்காலப் பூசைக்கு வாங்க வந்தார்கள். ஒருவர் காயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பெருசு, பச்சையா இருக்கு? மேல சாம்பலக் காணோம்?" என்றார்.

"எம்பையன் டிப்ளமா. குளிப்பாட்டித்தான் அனுப்புவான்," என்றார் அப்பா. "உங்களுக்கு வேல மிச்சம். எடுத்துட்டுப் போங்க."

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு வாங்கினார். அன்றைக்கு அப்பா அதையே எல்லோரிடமும் சொன்னார். சொல்லச் சொல்லக் காய் போனது. அறுபது ரூபாய்க்கு அறுபது காய். ஐந்து மணிக்குமேல் ஐம்பதுக்கு எழுபது. விளக்கு போட்டபின் முப்பதுக்கு முப்பது. கடைசிக் காய் போனதும் சாக்கை உதறி மடித்தார்.

வீடு திரும்பியபோது அம்மா வாசலில் இருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள். எட்டாயிரத்தில் டிராக்டருக்கும் கடைக்காரருக்கும் போக கையில் நின்றதைச் சொன்னேன். அவள் இறங்கிப் போய், ஷெட்டின் நான்கு மூலையிலிருந்தும் செங்கல்களைப் பொறுக்கி வந்தாள். உள்ளே போய், "புடிடா" என்றாள். நான் கட்டிலைத் தூக்கிப் பிடித்தேன். ஒவ்வொரு காலுக்கும் இன்னொரு செங்கல் கொடுத்தாள்.

"அடுத்த வருசம் இதுக்கடில ரெண்டு வரிச கூட வெக்கலாம்," என்றாள். பிறகு ஏறி, சுவர்வரைக்கும் கைகால்களை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

ஷெட்டுக்கு வேண்டியது இருபத்து நான்காயிரம். கையில் நின்றது நான்காயிரத்து முந்நூறு. ஷாம்பு பாக்கெட் பன்னிரண்டு ரூபாயைச் சேர்க்காமல், அந்தப் போட்டோவுக்கும் பூசை போட்ட வண்டிக்கும் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு பத்தொன்பதாயிரத்து எழுநூறு ரூபாய்.